எட்டு நாளா ஒரு சொட்டு இல்ல

வெந்துலா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தா.

வெளிய எதிர்வீட்டு கலினோவா ஆன்ட்டி. ஒரு கக்கத்துல பூனை. இன்னொரு கையில நீலக்கலர் பிளாஸ்டிக் பெட்டி, அதுக்குள்ள பூனைக்குன்னே விக்கிற மண்ணு, பிரிக்காத பாக்கெட்டு.

"எட்டு நாள்டி! ஒரு சொட்டு வெளிய விடலயே உன் ஜோஃப்கா. மகாராணி மாதிரி பெட்டிக்குள்ள போவா, வேலைய முடிப்பா, மண்ணைத் தள்ளி மூடிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வருவா. என் வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு சுத்தம் கிடையாது."

வெந்துலா சிரிக்கப் பாத்தா. வரல.

செக் நாட்டு ஓஸ்ட்ராவா ஊருல ஞாயித்துக்கிழமை பதினோரு மணின்னா எல்லா மாடியிலயும் மதியச் சாப்பாட்டுக்குக் கறியைச் சுத்தியலால தட்டி மெலிசாக்குற சத்தம்தான். டொக்கு டொக்குன்னு சுவரெல்லாம் அதிரும். இவங்க வீட்டுல மட்டும் சத்தம் இல்ல. அம்மா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இருக்கிறது பதினஞ்சு வயசு வெந்துலாவும் அண்ணன் ராதிமும்தான்.

அப்புறம் நாத்தம். மூத்திர நாத்தம். அஞ்சாவது மாடி வரைக்கும் இறங்கிருச்சு.

போன வாரம் கட்டடத்துக்காரங்க மாடிப்படியில கூட்டம் போட்டாங்க. "வீட்டுல வளக்குறது பூனையா, புலியா?"ன்னு மூணாவது மாடிக்காரர் கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு, நாத்தம் நிக்கலேன்னா வீட்டையே காலி பண்ணச் சொல்லுவோம்னாங்க. ரெண்டு பேரும் எங்க போறது?

அப்பத்தான் ஆன்ட்டி, நான் பழக்கித் தர்றேன்னு ஜோஃப்காவைத் தூக்கிட்டுப் போனாங்க. வேணாம் ஆன்ட்டின்னு வெந்துலா கெஞ்சினா. அழுதா. பூனை மேல எவ்வளவு பாசம் பாருன்னு எல்லாரும் பாவப்பட்டாங்க.

இப்ப ஆன்ட்டியோட மூக்கு லேசா விடைச்சுது.

"என்னடி இது, இன்னும் வருது?"

"பழைய நாத்தம் ஆன்ட்டி. தரையில ஊறிப்போச்சு."

"வினிகர் போட்டுத் துடைச்சியா?"

"மூணு தடவை."

"அப்படியும் போகலையா? சரி, நகரு. பெட்டியை பாத்ரூம்லதான் வைக்கணும். நானே வச்சுட்டுப் போறேன்."

சொல்லிக்கிட்டே ஆன்ட்டி வலது கால் ஷூவைக் கழட்டிட்டாங்க. ஷூவைக் கழட்டிட்டா உள்ள வர்றாங்கன்னு அர்த்தம்.

வெந்துலா கதவுக்குப் பின்னாடி கால் கட்டைவிரலை முட்டுக் குடுத்தா.

"அண்ணன் குளிக்கிறான் ஆன்ட்டி."

"குளிக்கிறானா? தண்ணிச் சத்தமே காணோம்."

வெந்துலா கட்டைவிரலை இன்னும் அழுத்தினா. ஆன்ட்டி அவ முகத்தையே பாத்தாங்க. கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்குன்னு கேக்கப் போறாங்கன்னு நினைச்சா. கேக்கல. ஒத்தைக் கால்ல நின்னு ஷூவைத் திரும்ப மாட்டிக்கிட்டாங்க. பூனையையும் பெட்டியையும் அந்தச் சந்து வழியா நீட்டினாங்க.

"பயந்து சாகாதடி. வெள்ளிக்கிழமை கட்டடத்துக்காரங்க ஒவ்வொரு வீடா உள்ள வந்து பாக்கப் போறாங்க. நான் கூடவே இருப்பேன். ஜோஃப்கா மேல ஒரு தப்பும் இல்ல, எட்டு நாளா எங்கிட்டதான் இருந்தா, அப்பவும் நாத்தம் வந்துச்சு, வேற எங்கிருந்தோதான் வருதுன்னு எல்லார் முன்னாடியும் நானே சாட்சி சொல்றேன். சரியா?"

"சரி ஆன்ட்டி."

"நல்ல பூனைடி. விட்டுறாத."

கதவைச் சாத்தி ரெண்டு தாழ்ப்பாளையும் போட்டா.

பாத்ரூம் கதவு லேசா திறந்துச்சு. ராதிமோட தலை தெரிஞ்சுது. முகமூடி கழுத்துல தொங்குச்சு. அவன் பின்னாடியே அந்த நாத்தம் புகையா உருண்டு வந்து, வெந்துலா கண்ணு எரிஞ்சுது. அவன் உள்ள காய்ச்சுற போதைப்பொடிக்கு அச்சு அசல் பூனை மூத்திர வாடை. அதுக்காகத்தான் வசந்தகாலத்துல இந்தப் பூனையை எங்கிருந்தோ தூக்கிட்டு வந்தான். பெட்டி எதுவும் வாங்கக்கூடாதுன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டான்.

"போயிட்டாளா? நம்பினாளா?"

"பூனை பழகிருச்சாம். வெள்ளிக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லப் போறாங்க, நாத்தம் இதோடது இல்லன்னு."

ராதிம் பூனையைப் பாத்தான்.

"நான் மாட்டினா உன்னை அநாதை ஆசிரமத்துல போட்டுருவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப பூனையோட பழக்கத்தை மாத்து."

கதவு சாத்திக்கிச்சு.

வெந்துலா நீலப் பெட்டியை பால்கனியில தள்ளிக் கதவைப் பூட்டினா. வாசலுக்குப் பக்கத்துல மிதியடியில ஜோஃப்காவை இறக்கி விட்டு, ஒரு கிண்ணம் நிறையப் பால் வச்சா. குடிச்சு முடிச்சதும் இன்னொரு கிண்ணம் ஊத்தினா.

ஜோஃப்கா மிதியடியை மோந்து பாத்துச்சு. சுத்திச் சுத்தி வந்துச்சு. பால்கனிக் கதவைப் பிராண்டிட்டுத் திரும்பி வந்து, இவ மூஞ்சியப் பாத்துக் கத்துச்சு.

"இங்க போடி. என் தங்கம்ல. ஒரே ஒரு தடவை."

வெந்துலா மண்டி போட்டு, அதோட வயித்தை மெல்லத் தடவிக் குடுத்தா. கல்லு மாதிரி இறுகியிருந்துச்சு.

"யாரும் உன்னைத் திட்டமாட்டாங்கடி. போ."

ஜோஃப்கா காலை ஒடுக்கி, வாலைச் சுத்தி உக்காந்துச்சு. உடம்பு நடுங்குச்சு. அப்பவும் அடக்கிக்கிட்டே உக்காந்திருந்துச்சு.