வழியெல்லாம் அத்துப்படி

"ஏழாவது வளைவுல கடல் தெரியும். ஒன்பதாவதுல அருவி. சுரங்கப்பாதை தாண்டினா ஊர் வரைக்கும் ஒரே காடு!" என்று மறுநாள் போகும் வழியை அடித்துச் சொன்னார் அவர்.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவி பூரித்துப்போனாள். "கடல் என்ன நிறமுங்க?"

"தெரியாது. பார்த்ததில்லை."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தினமும் போயிட்டு வர்ற ஊராச்சே!"

"வளைவுக்கு வளைவு 'அதோ கடல், அதோ அருவி'ன்னு பயணிங்க கத்துவாங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சவன் வேடிக்கை பார்க்க முடியுமா? இறக்கிவிட்டதும் அடுத்த ட்ரிப். பதினெட்டு வருஷமா ரோட்டை மட்டும்தான் பார்த்திருக்கேன்."

அவள் கையிலிருந்த சட்டையைப் பெட்டிமேல் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ நாளைக்கு பஸ்ஸை யாரு ஓட்டுறாங்க?"

"யாரோ ஓட்டட்டும். நாளைக்குப் பின்னாடி உட்கார்ந்து நான் கத்தப்போறேன்!"