சுவரோரத்து மனோரஞ்சிதம்

வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியபோது, மனோரஞ்சிதச் செடி எங்கள் பக்கம் வந்துவிட்டது. அதை நட்டு வளர்த்தவள் என் கொழுந்தனின் மனைவி. அன்றிலிருந்து அவள் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுவரோடுதான் பேசுவாள், என் காதில் விழும்படி.

"நட்டவ ஒருத்தி, மோந்து பாக்கிறவ ஒருத்தி. நல்லா அனுபவிக்கட்டும்!"

நான் கண்டுகொள்வதில்லை. எந்தப் பழத்தை நினைத்து முகர்ந்தாலும் அந்தப் பழமாகவே மணக்கும் பூ அது. என் கணவருக்குக் கொய்யா, எனக்கு எப்போதும் பலா.

நேற்றுக் காலை தண்ணீர் ஊற்றிவிட்டு, மஞ்சளாகப் பழுத்திருந்த பூவொன்றைப் பறித்தேன். பலாப்பழத்தை நினைத்தேன். முடி கருகும் நாற்றம் அடித்தது. உள்ளே போய்ப் பார்த்தேன், அடுப்பு அணைந்துதான் இருந்தது. இன்னொரு பூவைப் பறித்து எலுமிச்சையை நினைத்தேன். அதே நாற்றம். கணவரைக் கூப்பிட்டு நீட்டினேன்.

"கொய்யாதான். உனக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார்.

மூன்றாவது பூவை முகர்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் சத்தம் நின்றது. இத்தனை வருடம் கழித்து அவள் என்னைக் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு பாசம்.

"அக்கா, நான் நினைச்ச வாசனை வருதா?"