நீல அங்கி

மிக்க நன்றி தங்கமே. தொடர்ந்து படியுங்கள்.

நூற்றுப் பதினேழாவது தடவையாக ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. காலையில் அவள் எழுதும் கதையின் ஐந்தாம் பாகம் ஆப்பில் வந்ததிலிருந்து இதே வேலைதான். ஒவ்வொரு விமர்சனத்துக்குக் கீழும் எழுத்தாளர் பதில் போட்டால்தான் ஆப் கதையைத் தூக்கி மேலே காட்டும். அதனால் ஒரே வரியைக் காப்பி செய்து வைத்துக்கொண்டு, வரிசையாக எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டே போவாள். முதலில் நன்றி. அப்புறம்தான் படிப்பது. திட்டைப் படித்துவிட்டால் நன்றி சொல்லக் கை வராது என்று அவளே கண்டுபிடித்த வழி.

திட்டுக்கும் குறைவில்லை.

"சண்டை எங்கக்கா? மூணு அத்தியாயமா ஒரே அழுகாச்சி."

"நாலாம் பாகத்தோட நிறுத்தியிருக்கலாம். ஆழினி இப்படி மூக்கைச் சிந்துற ஆளே இல்ல."

ஆனால் அழுதவர்கள் அதைவிட அதிகம். கடலுக்கடியில் இருக்கும் நாட்டின் இளவரசி ஆழினி. அவளை விட்டுப் போன அரசருக்கு, அவளுடைய அப்பாவுக்கு, அவள் எழுதும் ஒரு கடிதம். பதினாலு வயசுப் பிள்ளைகளெல்லாம் அதையே பிடித்துக்கொண்டு தொங்கின.

"அந்த லெட்டர்! சோறு இறங்கலக்கா."

"அப்படியே எங்கப்பாவுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன்."

உன் நீல அங்கியை மழை நாளில் எடுத்துப் போகிறேன். போட்டுக்கொள்வதில்லை. நனைந்தே வீட்டுக்கு வருகிறேன்.

எத்தனை பேர் இந்த மூன்று வரியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்! எங்கிருந்துக்கா இப்படியெல்லாம் வருது என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

எங்கிருந்தா?

மகள் மிருதுளாவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து.

ஆழினியே மிருதுளா பெற்ற பிள்ளைதான். ஒன்பது வயதில், ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் காதுக்குள் கத்திக் கத்திச் சொன்ன கதை. மகள் சொல்வாள், அவள் எழுதுவாள். ஆழினி எங்கயும் அழக் கூடாது, சொல்லிட்டேன் என்று அப்போதே ஒரு சட்டம். நாலு பாகத்திலும் ஆழினி அழவில்லை.

பிறகு பிளஸ் டூ வந்தது. அறைக்கதவு சாத்திக்கொண்டது. இனிமே நீயே எழுதிக்கோம்மா.

வாசகர்கள் விடுவார்களா? எப்போ, எப்போ என்று பிடுங்கி எடுத்தார்கள். ஆறு மாதம் உட்கார்ந்தும் ஒரு பக்கம் தேறவில்லை. ஒரு நாள் பேனா தேடப் போய் மகளின் பாக்ஸைத் திறந்தாள். நாலாக மடித்த ஒரு தாள். அப்பாவுக்கு, என்று தொடங்கியது.

மூன்று வருஷத்துக்கு முன் போனவன். ஓசூரில் வேறு வீடு, வேறு குடும்பம். அவனுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதம்.

படித்து அழுதாள். அதில் பொய் இல்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவை அரசராக்கினாள். ரெயின்கோட்டை அங்கியாக்கினாள். தாளை அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தாள். மிருதுளாதான் இப்போது ஆழினி பக்கமே வருவதில்லையே. யாருக்குத் தெரியப் போகிறது?

நூற்றுப் பதினெட்டு. பெயர் இல்லை, படம் இல்லை. ஒற்றை நட்சத்திரம்.

மிக்க நன்றி தங்கமே. தொடர்ந்து படியுங்கள்.

ஒட்டினாள். பிறகு படித்தாள்.

"அது அங்கி இல்லை. ரெயின்கோட். இடது பையில் கிழிசல் இருக்கும்."

உள்ளறையில் ஒரு போன் டிங் என்றது.

அவசர அவசரமாகப் பதிலை அழித்தாள். திரையிலிருந்து மறைந்தது. அழித்து என்ன பிரயோஜனம்? நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது.

எழுந்து போகலாம். கதவைத் தட்டி, தப்புதான் கண்ணு, உன்னைக் கேட்டிருக்கணும் என்று சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஐந்து பாகம் எழுதியவளுக்கு இந்த ஒரு வரிக்கு வாய் வரவில்லை.

கதவு அதற்குள் திறந்தது.

ட்யூஷன் பையோடு மிருதுளா. அழுத முகமாக இல்லை. அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது.

கதவுக்குப் பின்னால், ஆணியில், மழை நாள் தவிர மூன்று வருஷமாகத் தொங்கும் அப்பாவின் நீல ரெயின்கோட்டை எடுத்தாள் மிருதுளா. நிதானமாக மடித்தாள். அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இதையும் வெச்சுக்கம்மா. ஆறாம் பாகத்துக்கு ஆகும்."

செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள்.

சன்னலுக்கு வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.

கூப்பிட வேண்டும் என்று இருந்தது. மடியில் கிடந்த கோட்டின் இடது பைக்குள் கையை விட்டாள். கிழிசல் வழியே இரண்டு விரல் வெளியே வந்தது.

ஆறாம் பாகத்துக்கு ஆகும்.

என்ன ஒரு வரி, என்று தோன்றியது.

"சீ" என்றாள். தனக்குத்தான். வாய்விட்டே சொன்னாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள், மறந்துவிடக் கூடாதே என்று கை போனைத் தேடியது.