முதல் பத்திரிகை

காடாம்புலியூர் முந்திரிக் கடையில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. கடையை விலைக்கு வாங்க வந்திருக்கும் புதுச்சேரிக்காரர் எதிரே உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருக்கிறார். இளவரசுவின் உள்ளங்கையில் சாவிக்கொத்து வியர்வையில் நனைகிறது. நீட்டிவிட்டால் சாயங்காலமே மகள் இருக்கும் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறிவிடலாம். அந்த நேரம் பார்த்து, கொட்டை உடைக்கும் முத்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாம்பாளத்தோடு படியேறுகிறாள். இந்த ஊரில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை இளவரசுவின் அப்பா ராமாமிர்தத்துக்குத்தான்; பாயசத்துக்கு முந்திரி அவர் கடையிலிருந்து சும்மா போகும். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பத்திரிகை அவர் படத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. சந்தன மாலைக்குள்ளிருந்து அவர் எப்போதும் போலச் சிரிக்கிறார். "ஐயா இருந்தா என்னா, நீங்க இருந்தா என்னா, எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. பொண்ணுக்குத் தையில வச்சிருக்கோம்," என்கிறாள் முத்தம்மாள். கடை கைமாறுகிறது என்று சொல்லத்தான் வாயெடுக்கிறான் இளவரசு. "முந்திரி வந்துடும்க்கா," என்கிறது வாய், அப்பாவின் அதே இழுவையில். புதுச்சேரிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைக்கிறார். தாம்பாளத்தை ஒற்றைக் கையால் வாங்கக் கூடாது. இளவரசு சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டுகிறான்.