பழனாயியைப் பற்றி நாலு வார்த்தை

“பொண்ணு எப்படீன்னா கேட்டீங்க? அதையேனுங்க கேக்கறீங்க, போங்க!” வேலாத்தாள் ரிசீவருக்குள் குரலை இறக்கினாள். “மூஞ்சிக்கு நேரா எதுத்துப் பேசுவாளுங்க. அப்பன்னும் பாக்கமாட்டா, ஆத்தாளுன்னும் பாக்கமாட்டா.”

அந்தப் பொண்ணு பழனாயி, எதிர்ச்சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்து, தன்னைப் பற்றிய பேச்சை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியில் பனியன் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. தட்டிவிடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மண்ணரை ஊரில் அந்த வளவில் வரிசையாக இருந்த அத்தனை வீட்டுக்கும் வேலாத்தாள் வீட்டில் மட்டும்தான் அப்போது போன். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், வரன் தேடுகிறவர்கள், யாராக இருந்தாலும் அந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த வீட்டு ரசத்தில் உப்புக் குறைந்தால்கூட வேலாத்தாளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் போனில் விசாரித்தவர்களிடம் ஒரு பெண்ணைப் பற்றியும் அவள் குறை சொன்னதில்லை. அவள் சொன்ன நல்ல வார்த்தையில் கரையேறியவர்கள் இன்றைக்கு ஈரோடு வரைக்கும் குடித்தனம் நடத்துகிறார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

அதனால்தானோ என்னவோ, நேற்றுப் பழனாயி வந்து கேட்டதும் சம்மதித்துவிட்டாள்.

“அக்கா, குன்னத்தூர்ல இருந்து பொண்ணு பாத்துட்டுப் போனாங்கல்ல? மாப்பிள்ளைக்கு மெட்ராஸ்ல வேலை. உங்ககிட்டத்தான் விசாரிப்பாங்க. நான் ஆகாதவன்னு சொல்லிப்போடுங்க.”

“ஏங்கண்ணு, எவனாச்சும் இருக்கறானா?”

“இருந்தா அவங்கூட ஓடியிருப்பனே. உங்ககிட்ட வந்து எதுக்குங்கக்கா கெஞ்சறேன்?”

விஷயம் படிப்பு. கோயமுத்தூரில் டிகிரி முடித்த நாளிலிருந்து அப்பா தங்கவேலுவின் பிரிண்டிங் பட்டறையில் குழந்தைப் பனியனுக்குக் கரடி வரைந்துகொண்டிருந்தாள் பழனாயி. ஒரே கரடிதான், கலர் மட்டும் மாறும். படங்களாலேயே கதை சொல்லக் கற்றுத்தரும் மேல்படிப்பு ஒன்று மெட்ராஸில் இருப்பதாகப் பேப்பரில் பார்த்து மனுப் போட்டாள். இன்டர்வியூவுக்கும் போய் வந்தாள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் குன்னத்தூர்க்காரர்கள் சரியென்றுவிட்டால் தங்கவேலு தட்டு மாற்றிவிடுவார். கரடி போய் இட்லிச்சட்டி வரும், அவ்வளவுதான்.

இன்றைக்குப் போன் அடித்தது. “மெட்ராஸ்லேருந்து பேசறேன், பழனாயியைப் பத்திக் கொஞ்சம்...” என்று ஓர் ஆண்குரல் முடிப்பதற்குள் வேலாத்தாள் ஆரம்பித்துவிட்டாள்.

“வெளியூர்ல தனியா இருந்துக்குவாளாம்மா? வீட்டை நினைச்சு அழமாட்டாளே?” என்று கேட்டது குரல்.

“இந்த ஊட்ட நெனச்சா? அவளாவது அழுகறதாவது! ஞாயித்துக்கெழமையானா பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்துக்குவாளுங்க. குடிச்சுப்போட்டு உழுந்து கெடக்கறவனை வரைவா. அவன் பொண்டாட்டி வந்து அவனை ஒதைக்கறதையும் வரைவா. பொட்டப்புள்ளை பண்ற வேலைங்களா இது?”

ரிசீவரைப் பொத்திக்கொண்டு பழனாயி பக்கம் திரும்பினாள். “நீங்க எந்தக் கூட்டம், குலசாமி எதுன்னுகூடக் கேக்கலையே அம்மிணி! மெட்ராசுக்குப் போனா எல்லாம் மறந்துரும் போல. போதுமா, இன்னும் சொல்லோணுமா?”

“சொல்லுங்கக்கா,” என்றாள் பழனாயி, கண்ணைத் திறக்காமல்.

கெடுப்பதென்று இறங்கிவிட்ட பிறகு வேலாத்தாளின் நாக்குக்கும் ருசி தட்டியிருந்தது. “போன மாசம் எங்க ஊட்டுல ஒரு சண்டைங்க. இவொ சன்னல்ல நின்னு பாத்துப்போட்டு, அதை அடுத்தடுத்து படமா வரஞ்சுட்டா. ஒரு எழுத்து இல்லீங்க அதுல. வளவே வாங்கிப் பாத்துட்டு, தப்பு யாரு மேலன்னு சொல்லிருச்சு!”

“யார் மேலம்மா?”

“எம்மேலதானுங்க! எங்க ஊட்டுக்காரரை இப்ப எல்லாரும் பாவம்ங்கறாங்க. இத்தனை வருசமா நான் கட்டிக் காத்த பேரு ஒரே நாள்ல போச்சுங்க.”

எதிர்முனையில் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. “வீட்டுல வேண்டாம்னு சொன்னா நிறுத்திடுவாளா?”

“நிறுத்தறதா? அப்பன் கோவத்துல பென்சிலையெல்லாம் அடுப்புல போட்டாருங்க. அடுப்புக்கரிய எடுத்துச் செவுத்துல வரஞ்சா!”

பக்கத்தில் இருக்கும் யாரிடமோ அவர் பேசுவது கிசுகிசுவென்று கேட்டது.

கெட்டது கல்யாணம் என்று நினைத்துக்கொண்டாள் வேலாத்தாள். வேலை முடிந்த திருப்தி வரவில்லை, அசதிதான் வந்தது. அந்தக் காலேஜும் கைவிட்டால், பேர் இவ்வளவு கெட்ட பிறகு இந்தப் பெண்ணை எவன் கட்டுவான்? திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே பிள்ளை தூங்கிப்போயிருந்தது.

“அப்ப ஒத்துவராதுன்னு அவங்கப்பன்கிட்டச் சொல்லிப்போடட்டுங்களா?”

“ஐயோ, வேண்டாம்மா!” என்று பதறினார் அவர். “போன வருஷம் சேர்ந்த பொண்ணு ஒண்ணு, வீட்டை நினைச்சு அழுதுட்டுப் பாதியிலேயே ஊருக்குப் போயிடுச்சு. அதனாலதான் இந்தத் தடவை விசாரிச்சோம். பழனாயிக்கு சீட்டு கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்க.”