பன்னிரண்டு வெள்ளிக்கிழமை

“ஏங்க, நம்ம ரெண்டு பேரு ஜெபம் பெருசா, நாப்பது பேரு உபவாசம் பெருசா?” என்று கேட்டாள் சுகிர்தா.

பிரசங்கத்தில் என்றால் போதகர் தேவசித்தம் இப்படி ஒரு கேள்வியை அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிவிடுவார். வீட்டில், அதுவும் ஐந்தரை மணி பஸ்ஸுக்காக டிபன் பாக்ஸில் இட்லி அடைத்துக்கொண்டிருக்கிற மனைவி கேட்டால், இறையியல் கல்லூரியில் படித்தது எதுவும் கைகொடுப்பதில்லை.

சுகிர்தாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஏழு மாதமாகிறது. வாரத்தில் இரண்டு நாள் ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். உப்பூர் பக்கத்தில் அவர்கள் இருந்த கடலோர ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து பஸ். திரும்பும்போது அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பிருக்காது. போன மாதம் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். இப்படி அலைந்தால் உடம்பு ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ராமநாதபுரத்துக்கே மாற்றல் கேட்டு தேவசித்தம் பேராயர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார். மே மாதம் பட்டியல் வரும்.

சபையில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் நண்டுச் சதை எடுக்கிற கம்பெனிக்குப் போகிற பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்து நிற்பார்கள் என்று சுகிர்தாதான் தடுத்திருந்தாள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் “ஒரு வேலையா” என்பார் தேவசித்தம். ஊழியக்காரர் பொய் சொல்லக் கூடாதுதான். ஆனால் கேட்டவருக்கெல்லாம் முழு விவரமும் சொல்லியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

இந்த நேரத்தில்தான் சபைப் பெண்கள் நாற்பது பேரும் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்க ஆரம்பித்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு நண்டு உடைத்துவிட்டு, நேரே ஆலயத்துக்கு வந்து பொழுது சாயும்வரை முழங்காலில் நின்றார்கள். ஈஸ்டருக்கு முன்னால் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற லெந்து காலம் என்பதால் தேவசித்தமும் முதலில் மகிழ்ந்துதான் போனார். ஈஸ்டர் வந்து, பிரியாணியும் சாப்பிட்டு முடித்த பிறகும் உபவாசம் நிற்காமல் போகவே, பூமயிலைக் கூப்பிட்டு விசாரித்தார். ஞானஸ்நானத்தில் ரெபெக்காள் என்று பெயர் வைத்தாலும் ஊருக்கு அவள் பூமயில்தான். பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

“மே மாசம் ஒங்க மாத்தல் லிஸ்ட் வருதுல்ல ஐயா, அதுக்குத்தான். ஆண்டவரு எங்க கண்ணீரப் பாக்காமலா போயிருவாரு?” என்றாள்.

தேவசித்தத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவருக்கு முன்னால் வந்த மூன்று போதகர்களும் வருஷம் திரும்புவதற்குள் ஓடிப்போனவர்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் போதகரே இல்லாமல் கிடந்த சபை அது. இவரும் போய்விடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு இருக்காதா? இந்த ஊரை விட்டு அனுப்பும் என்று ஆண்டவரிடம் கேட்கவே அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

“நீங்க கேக்காட்டியும் அவருக்குத் தெரியும்ங்க,” என்றாள் சுகிர்தா. “இந்தக் கிட்னி ரெண்டையும் செஞ்சவரே அவருதான. என்னைய எங்கன வைக்கணுமோ அங்கன வச்சுக்கிருவாரு. நீங்க மொதல்ல சாப்பிடுங்க.”

அதோடு இருவரும் கேட்பதை விட்டுவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவள் நன்றாகவே காத்திருந்தாள். அவருக்குத்தான் அது வரவில்லை. போன் சத்தம் கேட்டால் போதும், பாதிக் குளியலில்கூட ஓடி வருவார். கவலையே படக் கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றேகால் மணி நேரம் பேசிய போதகரைத் தெரியுமா என்று அவரிடமே விசாரித்தாள் சுகிர்தா.

மே மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. அவர் பெயருக்கு நேரே ராமநாதபுரம் என்று இருந்தது.

சுகிர்தா “ஸ்தோத்திரம்” என்றாள், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். தேவசித்தமும் அழுதார். சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. எதிரே ஆலயத்திலிருந்து நாற்பது பெண்களும் வெறும் வயிற்றோடு பாடுகிற சத்தம் கேட்டது.

“இத்தன வாரம் பட்டினி கெடந்தும் ஆண்டவர் கைய விரிச்சுட்டார்னு நெனப்பாங்களே. இதுக ஜெபம் பண்றதையே விட்டுருச்சுகன்னா என்ன செய்ய?” என்றார்.

“சொல்லித்தான ஆகணும். வாங்க, நானும் வாரேன்,” என்று அவள் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

ஆலயத்தில் அவரைக் கண்டதும் பாட்டு நின்றது. எத்தனையோ முறை ஏறி நின்று பேசிய இடம்தான். அன்று ஏறாமல் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். பட்டியல் வந்துவிட்டது என்றார். அவர்கள் ஜெபம் வீணாகப் போனதாக நினைக்கக் கூடாது என்றார். ராமநாதபுரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

பூமயில் முழங்காலை அழுத்திக்கொண்டு மெல்ல எழுந்தாள். பின்வரிசைப் பக்கம் திரும்பி, “ஏத்தா, உபவாசத்த முடிச்சுக்கிருவோம். டீயப் போடுங்க,” என்றாள்.

பிறகு சுகிர்தாவிடம் வந்து, ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த அவள் இடது கையை முந்தானைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அந்த டயாலிசிஸ் வார்டுல தரை தொடைக்கிறது என் தங்கச்சி மகதான்மா. ஒங்களுக்கு ராமநாதபுரமே கெடைக்கணும்னுதான் நாங்க பன்னெண்டு வெள்ளிக்கிழமையும் பட்டினி கெடந்தோம்.”