காசியில் விட்ட காப்பி

"ஒரே ஒரு வாய் குடிங்க. உங்க காலைப் புடிச்சுக்கினு கேக்கறேன்."

மனைவி கமலாட்சி நீட்டிய டம்ளரை வேலாயுதம் புறங்கையால் தள்ளினார். கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்துக்கொண்டு உள்ளே போய் பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

"காசியில... விட்டதுடி."

"டாக்டரு பக்கத்து ஊரு கூரத்துக்குப் போயிருக்காராம் அண்ணே. அவரு வர்ற வரைக்கும் கடுங்காப்பி சூடா குடுங்க, மூச்சு கொஞ்சம் எளகும்னு கம்பவுண்டரு சொல்றாரு," என்றார் வீரபாகு. வேலாயுதத்தோடு ஒரே தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் அவர்.

"சாமிக்குக் குடுத்த வாக்குப்பா."

"உசிரு இருந்தாத்தானே வாக்கு?"

"போனா... போவுது."

வேலாயுதத்துக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. காப்பி பழகிய பிறகுதான் அது அடங்கியது. "உங்க நெஞ்சுக்கு அது ஒத்துப்போவுது, விட்டுடாதீங்க" என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளையார்பாளையத்து ஆட்கள் இருபது பேர் காசிக்கு ரயிலேறினார்கள். காசிக்குப் போனால் பிடித்த பண்டம் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். மற்றவர்களெல்லாம் பாகற்காய், சுரைக்காய் என்று சாமர்த்தியமாக விட்டார்கள். வேலாயுதம் மட்டும் ரோஷமாகக் காப்பியை விட்டார்.

அதற்குப் பிறகும் இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை. சும்மா இருப்பாரா மனுஷன்? "டாக்டரு பேச்சு பலிச்சுதா பாரு, விசுவநாதர் பாத்துக்கினாரு" என்று தெரு முழுக்கப் பிரசங்கம். அதைக் கேட்டுக் கேட்டு வீரபாகுவும் காப்பியை விட்டிருந்தார், பாவம்.

போன சனிக்கிழமை இழுப்பு திரும்பி வந்தது. நாலு நாளில் ஆளையே சாய்த்துவிட்டது.

இப்போது வேலாயுதத்தின் உதடு நீலம் பாய்வதைப் பார்த்ததும் வீரபாகு பதறினார். "நான் கூரத்துக்கே போயி டாக்டரைக் கையோட இட்டுக்கினு வர்றேன் அண்ணி." சைக்கிள் தெருமுனை திரும்பியது. அவர் போய் வர எப்படியும் ஒன்றரை மணி நேரமாகும். அதுவரை இந்த மூச்சு தாங்குமா?

கமலாட்சி தெருக்கதவைச் சாத்தினாள். கட்டிலருகே திரும்பி வந்தாள்.

"நீங்க காப்பியை விடவே இல்லீங்க."

வேலாயுதம் நிமிர்ந்தார்.

"காப்பிக்குப் பதிலா தெனம் ரெண்டு வேளை மல்லிக் காப்பி குடிச்சீங்களே, அதுல பாதி காப்பி டிகாஷன். சுக்கும் வெல்லமும் தூக்கலாப் போட்டு மறைச்சேன். டாக்டரு சொன்னதைக் கேட்டவ நான், எப்படிங்க சும்மா இருப்பேன்? போன வெள்ளிக்கிழமை ஏகாம்பரநாதர் கோயில்ல நம்ம தேங்கா மட்டும் அழுகிப்போயிருந்துச்சி இல்ல? சாமிக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அன்னியோட கலக்கறதை நிறுத்திட்டேன். மறுநாளே உங்களுக்கு வந்துடுச்சி. வாக்கைக் கெடுத்த பாவம் என்னுது. அடிங்க, என் கையால தண்ணிகூட வாணாம்னு சொல்லுங்க. இதை மட்டும் குடிச்சிடுங்க."

அவள் அழுதாள். அவர் கோபக்காரர். அவளையே வெறித்துப் பார்த்தார். அந்தப் பார்வையைவிட அவர் ஓர் அறை விட்டாலே தேவலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"வீரபாகு... போயிட்டானா?"

"போயிட்டாரு."

"கதவு?"

"சாத்திட்டேன்."

வேலாயுதம் டம்ளரை வாங்கினார். இழுப்புக்கு நடுவே கடைசிச் சொட்டு வரை குடித்தார். இன்னொன்று கேட்டு அதையும் குடித்தார். அரை மணி நேரத்தில் விசில் சத்தம் இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. கமலாட்சி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. ரெண்டு வருசமா உங்களை ஏமாத்திட்டேன்."

"மொத நாள் மொத வாயிலேயே எனக்குத் தெரியும்டி," என்றார் வேலாயுதம். "தெரிஞ்ச மாதிரி காட்டிக்கினா வாக்கு போயிடும்னுதான் வாயைத் தொறக்கலை. நாலு நாளா ஏன் கலக்கலைன்னும் அதனாலதான் உன்னைக் கேக்க முடியலை!"